மதில் கூப்பிடும் முன்

"சுருங்கிப்போன மூளையைத் திரும்ப விரிக்க முடியுமாம்மா?"

அமிர்தலிங்க ஆசாரி செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார். உட்கார்ந்த பிறகு கேட்கலாம் என்று இருந்திருந்தால் தைரியம் போயிருக்கும்.

குளக்கரை மடத்தில் தியானம் சொல்லித்தரும் பூரணி அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மடத்துக்கு வருகிறவர்களுக்கு மத்தியானம் ரசம் சோறு உண்டு. நிமிர்ந்து பார்த்தார்.

"யாரோட மூளை?"

"என்னோடதுதான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தாரு."

"என்ன சொன்னாரு?"

"நோயின்னு ஒண்ணும் இல்லையாம். வயசுக்கேத்த சுருக்கமாம். எல்லாருக்கும் வர்றதுதானாம்."

"அப்புறம் என்ன?"

"எல்லாருக்கும் வரலாம்மா. எல்லாரும் தேருக்குக் கட்டை போடலையே."

நியாயமான பேச்சுத்தான்.

அந்த ஊர்த் தேர் மூன்று மாடி உயரம். அதற்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். அத்தனை பேருக்கும் இழுக்க மட்டும்தான் தெரியும். நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறது. வலது சக்கரத்தைக் கட்டை போட்டுப் பிடித்தால், இடது சக்கரம் மட்டும் உருண்டு, தேர் வலப்பக்கம் வளையும். கோயிலைச் சுற்றி வரும் தேர், எல்லா வீதி முனையிலும் வலப்பக்கம்தான் வளைய வேண்டும். ஆகவே வலது சக்கரத்து ஆள்தான் தேரை ஓட்டுகிறார் என்று சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளாது.

அந்த ஆள் அமிர்தலிங்கம். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அவர்தான்.

போன வருஷம், தெற்கு வீதி முடிந்து மேல வீதிக்குத் திரும்பும் முனையில், அவர் கட்டை விழவில்லை. தேர் நேரே போய் முனைவீட்டு மதிலை இடித்து நின்றது. செங்கல் போனது. உயிர் போகவில்லை.

சாமி காப்பாற்றியது என்று எல்லோரும் சத்தமாகச் சொன்னார்கள். ஆசாரிக்கு வயதாகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார்கள். ஆசாரியின் காதில் விழுந்தது மெதுவாகச் சொன்னதுதான்.

"மதிலுக்காக நான் வரலைம்மா," என்றார் ஆசாரி. "எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல உளியை எங்க வெச்சோம்னு தேடினாரு. அப்புறம் உளி எதுக்குன்னு கேட்டாரு. போன வருஷம் தேரன்னைக்குக் காலையில என்னைப் பார்த்து, 'நீங்க யாரு, எந்த ஊரு'ன்னாரு. மரியாதையாத்தான் கேட்டாரு. அதைத்தான் தாங்க முடியல."

அம்மா புளியைக் கீழே வைத்தார்.

"தியானம் பண்ணினா மூளை தேயாதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். எனக்குச் சொல்லிக்குடுங்க."

"உங்க அண்ணனுக்கு வந்தது உங்களுக்கு வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"வேற எதைத்தான் சொல்லுவீங்க?"

அம்மா புறங்கையால் கொட்டைக் குவியலை அவர் பக்கம் தள்ளினார். பக்கத்தில் ஒரு சிரட்டையை வைத்தார்.

"மூச்சைப் பாருங்க. உள்ள போகுது, வெளிய வருது. வேற வேலை இல்ல. மனசு எங்கயாவது ஓடிடும். ஓடியிருக்குன்னு தெரிஞ்சதும், ஒரு கொட்டையை எடுத்துச் சிரட்டையில போடுங்க. திரும்ப மூச்சுக்கு வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"மந்திரம் ஏதாவது?"

"புளி இன்னும் நிறையக் கிடக்கு. எனக்கு வேலை இருக்கு."

டீக்கடையில் சிரித்தார்கள். பேரன் பேத்தி எடுத்த மனுஷன், மகள் வயதுப் பெண்ணிடம் போய் மூச்சுவிடக் கற்றுக்கொள்கிறாராம். இத்தனை நாள் எதை விட்டுக்கொண்டிருந்தாராம்? ஆசாரி டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

மடத்துத் தூணடியில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது. அடுத்தது வருவதற்குள் ஆசாரி மரவாடியில் நின்று தேக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். திடுக்கிட்டு ஒரு கொட்டை. பிறகு மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. ஒரு கொட்டை. டாக்டர் காட்டிய படம். ஒரு கொட்டை. அண்ணன். ஒரு கொட்டை. மறுபடி அண்ணன்.

கண்ணைத் திறந்தபோது சிரட்டை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு கை அள்ளி மடியில் செருகிக்கொண்டு, மீதியைக் கொண்டுபோய்க் காட்டினார்.

"மடியில இருக்கறதும் உங்களோடதுதான்," என்றார் அம்மா.

ஆசாரி விடிந்ததும் வருவார். உட்காருவார். போவார்.

அவருக்குத் தெரிந்த தொழிலில், பழகப் பழகத் தப்பு குறையும். இழைப்புளி தள்ளத் தள்ள மேடு போகும், பலகை சமமாகும். கொட்டையும் அப்படித்தான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். சிரட்டை காலியாகிற நாளில் மூளை நேராகிவிடும்.

ஒருநாள் சிரட்டையின் அடி தெரிந்தது. ஆசாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"பார்த்தீங்களாம்மா?"

"தூங்கினீங்களா?"

"இல்லையே."

"கன்னத்துல தூணோட கோடு பதிஞ்சிருக்கு."

ஆசாரி கன்னத்தைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

இன்னொரு நாள் கேட்டார்.

"உங்களுக்கும் மனசு ஓடுமாம்மா?"

"இப்பக்கூட ஓடிச்சு."

"எங்க?"

"ரசத்துக்கு."

"இத்தனை வருஷம் கழிச்சுமா?"

"பசி வருஷம் பார்க்குமா?"

மழைக்காலம் போயிற்று. பனி வந்தது. கொட்டை குறையவில்லை. கூடிக்கொண்டே வந்தது. ஒரு காலையில் சிரட்டை நிறைந்து வழிந்து, கொட்டைகள் தரையில் உருண்டு அம்மாவின் காலடி வரைக்கும் போயின.

ஆசாரி அவற்றைப் பொறுக்காமல் எழுந்தார்.

"போதும்மா. பழகப் பழகக் கூடுது. முன்னைக்கு இப்ப மோசம். எங்க அண்ணன் போன வழியிலதான் நானும் போறேன். அதை எனக்குத் தெரியப்படுத்தத்தான் இத்தனை நாள் உட்கார வெச்சீங்க போலிருக்கு."

அம்மா எழுந்து உள்ளே போனார். திருநீறு கொண்டுவருவார், நெற்றியில் பூசி ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வார் என்று ஆசாரி காத்திருந்தார்.

அம்மா ஒரு பெரிய மண்சட்டியைக் கொண்டுவந்து சிரட்டை இருந்த இடத்தில் வைத்தார்.

"சிரட்டை பத்தல."

ஆசாரிக்கு வந்த கோபத்தில் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வயசான மனுஷனைக் கேலி செய்கிறாள், அதுவும் மண்சட்டி வைத்து. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

சில நாள் கழித்து அவர் மனைவி தையல்நாயகி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"பட்டறையில எண்ணெய் டப்பா இருக்கு, எடுத்துட்டு வாங்க."

ஆசாரி பட்டறை வாசலுக்குப் போனார். எதற்கு வந்தோம் என்பது போய்விட்டது.

முன்பெல்லாம் அந்த இடத்தில் நின்று பட்டறையைச் சுற்றிப் பார்ப்பார். கண்ணில் பட்ட ரம்பத்தை எடுப்பார். பல்லைத் தீட்ட உட்காருவார். சோறு ஆறிப்போய்த் தையல்நாயகி வந்து திட்டும்போதுதான் எண்ணெய் ஞாபகம் வரும்.

இன்றைக்கு வாசற்படியிலேயே தெரிந்துவிட்டது, ஓடியிருக்கிறோம் என்று. விரல் தன்னால் இடுப்புப் பக்கம் கொட்டையைத் தேடியது. அதற்குள் எண்ணெய் வந்துவிட்டது.

தையல்நாயகி டப்பாவை வாங்கிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"என்ன, கேட்டது வந்துடுச்சு?"

"ஏன், வரக்கூடாதா?"

"வரலாம். பழக்கமில்ல."

சாயங்காலம் அண்ணனைப் பார்க்கப் போனார். முன்பெல்லாம் அண்ணன் "நீங்க யாரு" என்றதும் ஆசாரிக்கு உள்ளே ஏதோ உடையும். நாளைக்கு நானும் இந்த நாற்காலியில்தான் என்று மனசு ஓடும். ஓடிய இடத்திலிருந்து வரத் தெரியாமல், வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிடுவார்.

அண்ணன் கேட்டார்.

"நீங்க யாரு?"

மனசு ஓடியது. திரும்பி வந்தது. எதிரே அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார், பதிலுக்காகக் காத்துக்கொண்டு.

"தம்பிங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

அண்ணன் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அப்படியா? நல்லதாப் போச்சு."

இரண்டு பேரும் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஆசாரிக்கு எழுந்துபோகத் தோன்றவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஆசாரி மடத்துக்கு வந்தார். உள்ளே போய் மண்சட்டியைத் தானே எடுத்து வந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண்ணைத் திறந்த பிறகு அம்மா கேட்டார்.

"போன வருஷம் அந்த முனையில என்ன நடந்துச்சு?"

"அண்ணன் காலையில கேட்டதை நினைச்சுட்டிருந்தேன். கை கட்டையைப் பிடிச்சுட்டு இருக்கு. நான் அங்க இல்ல."

"எவ்வளவு நேரம்?"

"அது எப்படித் தெரியும்? மதில் இடிஞ்ச சத்தம் கேட்டப்பதான் வந்தேன்."

"சரிதான். மதில் கூப்பிட்டிருக்கு."

ஆசாரி சட்டியைப் பார்த்தார். மதில் கூப்பிடாமலே தான் திரும்பி வந்த ஒரு தடவைதான் ஒவ்வொரு கொட்டையும். அதிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து விரலால் உருட்டினார். வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் கொட்டையை எண்ணவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை.

தேருக்கு நாள் குறித்தார்கள். தர்மகர்த்தா கலியபெருமாள் ஆள் அனுப்பி ஆசாரியைக் கூப்பிட்டார். அண்ணன் மகன் வைத்தியும் அங்கே இருந்தான். நாற்பது வயது, கை வைரம் பாய்ந்த மரம் மாதிரி இருக்கும்.

"ஆசாரியாரே, இந்த வருஷம் வலது சக்கரத்தை வைத்தி பார்த்துக்கட்டும். நீங்க தேர்மேல முன்னால உட்கார்ந்து வாங்க. மரியாதையா இருக்கும்."

"உட்கார்ந்து பழக்கமில்லைங்க."

"மறுபடி மதில் போச்சுன்னா?"

"மதில் போனாக் கட்டிக்கலாம். வடத்துல இருக்கறவங்களை நினைச்சுத்தான் நானும் தூங்காம இருக்கேன்."

தர்மகர்த்தா வைத்தியைப் பார்த்தார். வைத்தி தரையைப் பார்த்தான்.

"ஒண்ணு செய்யுங்க," என்றார் ஆசாரி. "இன்னொரு கட்டையோட வைத்தி என் பக்கத்துலயே வரட்டும். என் கை நின்னுதுன்னா அவன் போடட்டும். அதுக்கப்புறம் நான் தேர் இருக்கற வீதிக்கே வரல."

தர்மகர்த்தா ஒத்துக்கொண்டார்.

தேருக்கு முதல் நாள் ஆசாரி மடத்துக்கு வந்தார். அவர் பயந்துபோயிருந்தார். மறைக்கவும் இல்லை.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் மனசு ஓடாம இருக்க ஒரு வழி சொல்லுங்கம்மா."

"ஓடும்."

"முனையில ஓடக்கூடாதே."

"முனையிலதான் ஓடும்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"காலையில சாப்பிட்டுட்டுப் போங்க."

ஆசாரி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தேர் நிலையை விட்டுக் கிளம்பியது. வைத்தி இரண்டாவது கட்டையோடு நிழல் மாதிரி கூட வந்தான். முதல் முனையில் ஆசாரி கட்டை போட்டார். தேர் சொன்னபடி கேட்டு வளைந்தது. அது எப்போதும் சுலபமான முனை.

தெற்கு வீதி முழுக்க ஒரே தள்ளுமுள்ளு. தவிலும் சங்கும் அதிர்வேட்டும் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதற்காகத்தான் தேரின் முன்பக்கம் ஒருவர் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். துணி மேலே இருந்தால் ஓடலாம். இறங்கினால் கட்டை.

இரண்டாவது முனை நெருங்கியது. புதிதாகக் கட்டிய மதில் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஆசாரியின் அண்ணன். தேர் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து ஒரே அடம், வைத்தியின் மனைவி அழைத்து வந்திருந்தாள். போன வருஷம் தேர் இடித்த இடத்தில் இந்த வருஷம் யாராவது நாற்காலி போடுவார்களா? போடுவார்கள். நிழல் இருந்தால் நம் ஆட்கள் எங்கேயும் போடுவார்கள்.

அண்ணன் தேரைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினார்.

ஆசாரி போய்விட்டார்.

சின்னப் பையனாய், இதே முனையில், அண்ணனின் தோள்மேல் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் தலைமயிரை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருந்தார். தலையில் வைத்த எண்ணெயின் வாசனை வந்தது. தவில் எங்கோ நின்றுபோனது. சக்கரம் இல்லை, கட்டை இல்லை, எழுபது வயது இல்லை.

வெள்ளைத் துணி இறங்கியது.

வைத்தி சித்தப்பாவின் கண்ணைப் பார்த்தான். அதில் ஆள் இல்லை. தன் கட்டையை ஓங்கினான்.

ஓடியிருக்கிறோம் என்று ஆசாரிக்குத் தெரிந்தது.

தெரிந்ததும் தவில் காதில் விழுந்தது. சக்கரம் கண்ணில் விழுந்தது. வைத்தியின் கட்டை தரைக்கு வருமுன் ஆசாரியின் கட்டை சக்கரத்தடியில் இருந்தது.

சக்கரம் கட்டையைக் கடித்தது. மரம் முனகிற்று. கருகிய வாசனை கிளம்பியது. தேர் ஒருதரம் மேலிருந்து கீழ்வரை குலுங்கியது. உச்சியில் கலசம் ஆடியது. வடம் பிடித்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள். பிறகு இடது சக்கரம் உருண்டது. உருண்டுகொண்டே வந்தது. மலை மாதிரி இருந்த தேர், மதிலுக்கும் நாற்காலிக்கும் தன் பக்கவாட்டைக் காட்டி, மேல வீதியைப் பார்த்து முகத்தைத் திருப்பியது.

வீதி அலறியது. அதைச் சத்தம் என்று மட்டும் சொன்னால் போதாது. தவில்காரரே அடிப்பதை நிறுத்திவிட்டுக் கையைத் தலைக்கு மேல் கூப்பினார். நாற்காலியில் இருந்த அண்ணன் எழுந்து நின்று கைதட்டினார், யாருக்கு என்று அவருக்கே தெரியாமல்.

எத்தனையோ வருஷம் வளைத்த தேர்தான். ஆனால் ஆசாரிக்கு இன்றைக்குத்தான் முதன்முதலில் வளைத்தது போல் இருந்தது. வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை காலியில்லை. மேல வீதி பாக்கி இருந்தது.

தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. தர்மகர்த்தா எல்லோர் முன்னாலும் ஆசாரியின் தலையில் பரிவட்டம் கட்டினார்.

அப்போதுதான் ஆசாரி பார்த்தார். வடம் பிடித்தவர்களில், சக்கரத்துக்கு ஆக நெருக்கமான இடத்திலிருந்து வெளியே வந்தார் பூரணி அம்மா. கட்டை விழாவிட்டால் முதலில் நசுங்குகிற இடம் அது. அம்மாவின் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. யாரோ கொடுத்த நீர்மோரை வாங்கிக் குடித்தார்.

வைத்தி கட்டையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அப்படியே சித்தப்பாவின் எதிரே வந்து நின்றான். அப்பாவுக்கு வந்தது நாளைக்குத் தனக்கும் வருமோ என்று அவனுக்குள் ஒரு பயம் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை.

"சித்தப்பா, முனையில அப்பாவைப் பார்த்ததும் நீங்க எங்கயோ போயிட்டீங்க. நான் பார்த்தேன்."

தர்மகர்த்தா சட்டென்று திரும்பிப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

"போயிட்டேன்டா," என்றார் ஆசாரி.

"எவ்வளவு தூரம்?"

"உங்க அப்பா தோள்மேல வரைக்கும்."

அம்மா மோர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

"அப்புறம்?"

"வந்துட்டேன்."